நாரைகளுக்குக் கைதட்டியவர்கள்

இன்று காலை பெங்களூரில் அல்சூர் செல்லும் மெட்ரோவில் எங்கள் தமிழ் மன்றச் செயலாளரைச் சந்தித்தேன். இலங்கைப் பயணத்தில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினார். குளத்து நடுவே கூடுகள் நிறைந்த மரம். அதிலிருந்து ஒருசேர எழும் நாரைகள்.

"எப்படி எடுத்தீர்கள்?"

"சிம்பிள் சார். போட்ல கிட்ட போய் எல்லாரும் சேர்ந்து கை தட்டினோம். மொத்தமா எழுந்துச்சு."

படத்தைப் பெரிதாக்கினேன். தாய் விட்டுச்சென்ற ஒரு கூட்டில் காகம் நின்றது. அதன் அலகில் முட்டை.

காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"அட, காக்கா. கவனிக்கவே இல்ல சார். ஓரத்துலதானே, கட் பண்ணிடறேன்."

கைதட்டல்: முப்பது ஆண்டுகளாகப் பேச்சாளனாக மேடைதோறும் நான் பெருமையென ஏந்திய ஓசை அது. அந்த ஓசைதான் அங்கே ஒரு கூட்டைக் காலி செய்திருக்கிறது. அவருக்கோ காகம் மட்டுமே பிழையாகத் தெரிகிறது.

ஞாயிறன்று மன்றத்தில் அவருடைய படக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேச வேண்டியவன் நான். "காகத்தை வெட்டினால் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெட்டாவிட்டால் அந்தப் படத்தின் முன்னே நின்றுதான் பேசுவேன்.

அவையோரே, அன்று மட்டும் யாரும் கைதட்டாதீர்கள். முடியுமா உங்களால்?