வியாழனை அளந்தவர்

பாகூரில் என் கரும்புக் கொல்லை வரப்பில், பொழுது சாய்ந்த நேரம், மூன்று கால் ஸ்டாண்டை நட்டு அதன் மேல் குழாய் ஒன்றை வைத்திருந்தார் அவர். ஒல்லி உடம்பு, கழுத்தில் மப்ளர். எங்கள் பக்கம் ஸ்டாண்டு வந்தால் பின்னாலேயே அளவுக் கல் நடுவார்கள், அப்புறம் நிலத்தை எடுத்துக்கொண்டு ரோடு வரும். எனக்கு இருப்பதோ அரைக் காணி.

குழாயில் பார்ப்பார், உடனே நோட்டில் புள்ளி வைப்பார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். ஆனாலும் புள்ளி எண்ணத் தெரியும். நேர்க்கோட்டில் நாலு இருந்தது.

"இன்னா சார், கல்லு நட்றதுக்கா?"

"இல்லண்ணா, வியாழனோட நாலு நிலா. நீங்களே பாருங்க."

பார்த்தேன். வெளுத்த கோலிகுண்டில் இரண்டு பட்டை, பக்கத்தில் நாலு பொட்டு.

"அங்க யாருனா போய்ப் பாத்தாங்களா?"

"மிஷின் ஒண்ணு எறக்குனாங்க. கால் ஊணத் தரையே இல்ல, எல்லாம் காத்து. உள்ள போய் நசுங்கிடுச்சு."

"தரை இல்லன்னா ரோடும் போட முடியாது. குடுத்து வெச்ச ஊரு சார்."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரியில் இன்னொரு புள்ளி வைத்தார்.

விடிந்ததும் வரப்பு முழுக்கத் தேடினேன். கல் இல்லை, ஸ்டாண்டு ஊன்றிய மூன்று குழிதான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மண்வெட்டியால் மூடினேன். தரையே இல்லாத ஊரைப் பார்க்க அவர் என் தரைக்கு ஏன் வந்தார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.