கதவோரப் பாய்

தலை பாயில் படுவதற்குள் தூங்கிவிடுகிறவள் என் மனைவி. நான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன், பதில் நின்றுபோயிருக்கும். கல்யாணமான புதிதில் அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

அப்போது நாங்கள் திருத்தங்கலில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். அவள் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். எங்கள் வரிசையிலிருந்து இன்னும் சில பெண்களும் அங்கேதான் போனார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் அந்தக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. அங்கே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. என் மனைவி இருந்த அறை தள்ளி இருந்ததால், அவளும் உடனிருந்தவர்களும் செருப்புகூட இல்லாமல் காட்டுக்குள் ஓடித் தப்பித்திருந்தார்கள். நான் பதறியடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வேலிக்கருவை மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. வீட்டுக்குப் போவோம்" என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படித்தான். படுத்தாலும் கை விரல்கள் மூடியே இருந்தன. தொட்டுப் பார்த்தால் தோள் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. விடியும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"எதையும் நெனைக்காமப் படு புள்ள" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"நான் எங்கங்க நெனைக்கேன்? ஒடம்புதான் நெனைக்குது" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, படுத்தபடி பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாக இறுக்கிப் பிடித்துத் தளர விடச் சொல்லித் தந்தார். மூச்சை மெதுவாக விடு, அவசரப்படாதே என்றார். அன்றைக்கே செய்து பார்த்தாள். கால் வரைக்கும் சரியாக வந்தது. கையை இறுக்கியதும் பயந்துபோய் எழுந்துவிட்டாள். இறுக்கியதைத் திரும்ப விட முடியவில்லையாம்.

வேறொருத்தியாக இருந்தால் இதெல்லாம் நமக்கு ஆகாது என்று விட்டிருப்பாள். அவள் விடவில்லை. என்ன செய்தால் உடம்பு இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று தன்னைத் தானே கவனிக்கத் தொடங்கினாள். பகலில் வாசல்படியில் சாய்ந்திருக்கும்போது கண் சொக்குவதைக் கண்டுபிடித்தது அவள்தான். சுவரோரப் படுக்கையில் அது வருவதில்லை.

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் சொன்னாள். "ஏங்க, எனக்குச் சத்தத்தக் கண்டு பயமில்ல. கதவத்தான் கண்டு பயம். கம்பெனியில எந்தப் பக்கமும் ஓடலாம், கதவெல்லாம் தெறந்தே கெடக்கும். இங்கன ஒத்தக் கதவு, அதையும் தாப்பாப் போட்டுருதீக. இன்னைக்குப் போடாதீக."

எனக்குத் திருடன் பயம். ஆனாலும் கதவைத் திறந்து வைத்தேன். அவள் பாயைக் கதவோரம் விரித்து, கைநீட்டினால் வாசல்படி எட்டுகிற மாதிரி படுத்தாள். இந்தத் தடவை எதையும் இறுக்கவில்லை. அந்த நர்ஸம்மா சொன்னதில் பாதியை விட்டுவிட்டு, தளர விடுவதை மட்டும் செய்தாள். "பாதமே, சும்மா கெட. முட்டியே, நீயும் சும்மா கெட" என்று பிள்ளைகளிடம் பேசுவதுபோல ஒவ்வொன்றிடமும் வாய்விட்டுச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இடுப்பு, வயிறு என்று ஏறிவந்த குரல் மெலிந்தது. பிறகு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை விரிந்து கிடந்தது.

நான்தான் அன்றைக்குக் கதவைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தேன்.

எல்லா நாளும் அப்படி வாய்க்கவில்லை. சில நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கோபப்படாமல் தொடங்கினாள், அதுதான் எனக்கு ஆச்சரியம். கொஞ்சங்கொஞ்சமாகக் கதவை ஒருக்களித்து வைக்கும் அளவுக்கு வந்தாள். தாழ்ப்பாளுக்கு இன்னும் நாள் பிடித்தது.

இதற்குள் விஷயம் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரப் பெண், அன்றைக்குக் கூடவே ஓடியவள், தண்ணீர்க் குழாயடியில் கேட்டாளாம். "மதினி, நீங்க தூங்குதீகளா? எனக்குக் கண்ண மூடினா ஓடுற மாதிரியே இருக்கு. எங்க வீட்டுக்காரவுககிட்டச் சொன்னா, இன்னுமா பயம்ங்குறாக." மற்றவர்களிடமும் விசாரித்தபிறகுதான் தெரிந்தது, தூங்காதவர்கள் இவர்கள் ரெண்டு பேர் மட்டுமில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

வெக்கையும் கரண்ட் கட்டுமாக இருந்த காலம். என் மனைவி அந்தப் பெண்களை எல்லாம் எங்கள் வரிசையின் மொட்டைமாடிக்கு வரச் சொன்னாள். மாடியில் கதவே கிடையாது, அது வசதியாகப் போயிற்று. பாய்களை விரித்துப் படுத்தார்கள். நாங்கள் புருஷன்மார் கீழே தெருவில் கட்டில் போட்டுக்கொண்டோம்.

மேலேயிருந்து அவள் குரல் கேட்கும். "பாதத்த விடுங்கத்தா. அது இன்னைக்கு அம்புட்டுத் தூரம் நடந்துருக்கு, போதும். முட்டிய விடுங்க. ஏ, யாரது சிரிக்கிறது? சிரிச்சாலும் நல்லதுதான், வயிறு எளகும்."

ஒருத்தி இடையில் அழுதாள். என் மனைவி அவளை அழாதே என்று சொல்லவில்லை. "அழுதுட்டு வாத்தா, நாங்க முட்டியிலயே நிக்கோம்" என்றாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குப் போனார்கள்.

கம்பெனி மறுபடி திறந்தபோது சிலர் போனார்கள், சிலர் தீப்பெட்டி வேலைக்கு மாறினார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. என் மனைவி போனாள். முதல் நாளே போர்மேனிடம், வாசலை ஒட்டிய இடம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

மழை தொடங்கும் வரை மாடிப் படுக்கை தொடர்ந்தது. கீழே கட்டிலில் கிடந்தபடி நானும் அவள் சொல்லச்சொல்லப் பாதத்தை விட்டேன், முட்டியை விட்டேன். அச்சகத்தில் காலண்டர் சீசன் சூடு பிடித்து, நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று கால் கடுத்துப்போகிற நாட்கள். தோளுக்கு அப்புறம் அவள் எதைத் தளர விடச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.