கை தூக்காத வகுப்பு

கடந்த வியாழக்கிழமை, சிட்லபாக்கத்துப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் தலைமையாசிரியர். எதிரே பதினொன்றாம் வகுப்புக்குப் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தவள் என் மகள் எஸ்தர்.

நான் விருந்தாளி. தலைமையாசிரியரோ தீர்ப்புச் சொல்ல வந்தவர். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை நடத்த வாரம் ஒரு பீரியட் கேட்டிருந்தாள் எஸ்தர். போர்ஷனே முடியவில்லை, ஒரு வகுப்பைப் பார்ப்பேன், சரிவராவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார் அவர்.

அப்படி என்ன பாடம்? ஜப்பானில் ஒரு கற்பனைக் கடற்கரை ஊர். மூடிக் கிடக்கும் அணுமின் நிலையத்தை மறுபடி திறக்கலாமா? மாணவர்களே மேயர், ஆலை முதலாளி, மீனவர். நிபந்தனை ஒன்றுதான் — வாக்கெடுப்பு கூடாது. கூட்டம் கூடுமுன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு பேசிச் சம்மதம் பெறுவது அந்நாட்டு அலுவலகங்களின் வழக்கமாம். எவரையும் சபையில் தோற்கடிக்காமல் முடிவுக்கு வர வேண்டும். 'கிழக்காசியர் எல்லாருமே இப்படித்தான் என்று எழுதிவைத்துவிடாதீர்கள், அங்கும் சண்டை உண்டு' என்றும் எச்சரித்தாள்.

நம் பிள்ளைகளுக்கு இது பிடிபடுமா? அபார்ட்மென்ட் லிஃப்ட்டுக்குப் பெயின்ட் அடிக்கக்கூடக் கை தூக்கிப் பழகியவர்களாயிற்றே நாம்...

மேயராக நின்ற விக்னேஷ் எடுத்த எடுப்பிலேயே, "மெஜாரிட்டி நம்ம பக்கம் மச்சான். பேசி இன்னா ஆவப்போது?" என்றான். வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை.

எஸ்தர் அவனை மீனவரின் பெஞ்சுக்கு அனுப்பினாள். மீனவர் வேடம் நஸ்ரினுக்கு. மின்வெட்டு, கரண்ட் பில், வேலைவாய்ப்பு, நிலக்கரிப் புகை என அத்தனையும் விக்னேஷ் எடுத்துரைத்தான். அவள் சம்மதிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்த் திரும்பினார்கள். மணி அடித்துவிட்டது.

"ஆன்சரே வரலியே சார்" என்றார் தலைமையாசிரியர், என்னிடம் மெதுவாக. என் மகள் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அது சாப்பாட்டு நேரம். ஆனால் டிபன் பாக்ஸ் எதுவும் திறக்கப்படவில்லை. விக்னேஷ் மறுபடியும் நஸ்ரினிடம் போனான். இம்முறை வாதாடவில்லை, எதற்குப் பயப்படுகிறாய் என்று மட்டும் கேட்டான்.

"கிடைக்கப்போறதை எல்லாரும் சொன்னீங்க. நாளைக்கு ஏதாவது தப்பாச்சுன்னா, டிவில வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுக்கு வந்து யாரு சொல்வீங்க?"

வகுப்பே நஸ்ரின் பக்கம் திரும்பியது. நம் கடற்கரையிலும் ஓர் அணுமின் நிலையம் உண்டு. பஸ் பிடித்தால் போய்விடும் தூரம்தான். எல்லோருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது போலும்.

விக்னேஷ் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்தான்.

"நான் வர்றேன். ஆள் அனுப்ப மாட்டேன். மேயர் நான்தானே?"

"சரின்னு சொல்லல. யோசிக்கிறேன்" என்றாள் நஸ்ரின்.

தலைமையாசிரியர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நெக்ஸ்ட் வீக் எந்த பீரியட் வேணும் மேடம்?"

எரிசக்திக் கொள்கை என்றால் மெகாவாட் கணக்கு என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூலகங்களில் தானே படித்துத் தேறியவன் நான். வாசல்வரை வந்து பதில் சொல்லும் கடமையும் அக்கொள்கையில் அடக்கம் என்பதை என் மகளின் வகுப்பில்தான் கற்றேன். பெருமையாக இருக்கிறது; மறைப்பானேன்?

அந்தக் கற்பனை ஊரின் மின்நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. எனக்கு அவசரமில்லை.