கண்ணாடித்தாளில் கெண்டைக்கால்

"டார்ச்சை ஆட்டாதீங்க. ரோட்டுலயும் இப்படித்தான் வளைச்சு வளைச்சு ஓட்டுறீங்களா?"

சலூன் நடத்தும் கத்திரிக்கோல் அக்காவின் இடது கால் சமையலறை நாற்காலிமேல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே, தோலுக்கடியில் சிவப்பும் ஊதாவுமாக ஓடும் ரத்தக்குழாய் நூல்களின்மீது ஒரு கண்ணாடித்தாளைப் பரப்பியிருக்கிறார். முடிக்குச் சாயம் ஏற்றும்போது தலையைச் சுற்றுவாரே, அதே தாள். எட்டு மாதத்துக்கு முன் புருவப் பென்சிலால் ஒவ்வொரு நூலையும் அதில் படியெடுத்தார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் தாளைக் காலில் வைத்து ஒத்துப் பார்க்கிறார்: நூல்கள் பின்வாங்கினவா, முன்னேறினவா?

கணவர் பஸ் ஓட்டுநர். தலையில் ஒரு முடி இல்லாததால் அக்காவின் சலூனில் அவருக்கு வேலையே இல்லை. கிடைத்தது இந்த டார்ச்தான். குனிந்து பார்த்துச் சொல்கிறார்: "அப்படியே இருக்கும்மா. இம்மி கூடல, இம்மி குறையல."

"சரியாப் பாருங்க. அந்த ஓரத்துல மங்கின மாதிரி இல்ல?"

"அது உன் ஆசையில மங்கியிருக்கும். கால்ல மங்கல."

இருபத்திரண்டு வருடம் நின்றே முடி வெட்டிய கால்கள். ஏப்ரன் பையில் கிளிப்புகளோடு ஒரு குப்பி கிடக்கும். திராட்சை விதைச் சாறு அடைத்த மாத்திரைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றை விழுங்கிவிட்டுக் குப்பியைக் குலுக்குவார். "பொடிப் பொடி ரத்தக் குழாய்க்குத் தெம்பாம். செடி கொடி சமாச்சாரம். எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல, தெரிஞ்சா மைக் வச்சுச் சொல்றேன்." நாற்காலியில் வந்து உட்காருகிறவரிடம் முதல் கேள்வி, எப்படி வெட்டணும் என்பதல்ல. "நீங்க நிக்கிற வேலையா, உக்கார்ற வேலையா?" ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற யாராவது குப்பிக்குக் கை நீட்டினால் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வார். "டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. தலையை எங்கிட்ட குடுங்க, ரத்தத்தை அவருகிட்ட விடுங்க."

மருந்துக்கடைப் பெண் முதல் நாளே சொன்னாள்: "இது சும்மா துணைக்குத்தான்க்கா. வந்த கோட்டை அழிக்கிற ரப்பர் இல்ல. நின்ன இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க." அக்கா கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். வெட்டுக்கு ஒரு தடவை எம்பி இறங்குகிறார். புதிதாக வருகிறவர்கள் தங்கள் நாற்காலிதான் ஏறி இறங்குகிறதோ என்று கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறார்கள்.

வம்பு, காதில் வாங்காத பகுதியில் இருக்கிறது. நூல்கள் மறைந்த பிறகுதான் நீச்சல் கற்றுக்கொள்வது என்று அக்கா தனக்குத்தானே சொல்லி வைத்திருக்கிறார். சின்ன வயது ஆசை. ஆனால் கணுக்கால் மூடாமல் வாசல் தாண்டிப் பல வருடமாகிறது. "சுத்தி ஏழு கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன், ஒண்ணுலயும் என் காலைக் காட்டினதில்ல. முடின்னா வெட்டி எறிஞ்சிடலாம். இதை என்ன பண்றது?"

மகள் பொறுமையிழந்து, பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள். "சனிக்கிழமை பத்து மணி. வரலன்னா இடம் போயிடும்மா, அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"அப்போ காலு?"

"அதையும் கூட்டிட்டு வா."

சனிக்கிழமை, நீச்சல்குளத்தின் ஓரம். அக்கா இடுப்பிலிருந்து கணுக்கால்வரை துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையில் கடைசியாக நிற்கிறார். எங்கே போனாலும் தலைகளையே பார்க்கிற கண் இன்று கீழே இறங்குகிறது. முன்னால் நிற்கும் தபால்காரம்மாவின் முட்டியில் நீளமாகத் தையல் தழும்பு. டீச்சரின் காலில் பழைய தீக்காயம். மூன்றாமவளின் கெண்டைக்காலில் அக்காவுடையதைவிட அடர்ந்த ஊதா வலை. யாரும் யார் காலையும் பார்க்கவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

கூட வந்த கணவர் பையைத் திறக்கிறார். உள்ளே டார்ச், மடித்த கண்ணாடித்தாள். "கடைசியா ஒரு தடவை அளந்துட்டு இறங்குறியா?"

விசில் ஒலிக்கிறது. அக்கா துண்டை உருவி அவர் தோளில் போடுகிறார். தாளைப் பிரித்து, சாயம் பூசிய வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல அவருடைய வழுக்கைத் தலையில் இறுக்கிச் சுற்றி, முனையைக் காதோரம் செருகுகிறார்.

"இருபது நிமிஷம் தலையை ஆட்டாம இருங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் தொபுக்கென்று குதிக்கிறார்.