ஓட மறுத்த அம்மா

இருபத்துமூன்று வயதில் அவளுக்குத் திரையில் முப்பத்தைந்து வயது மகன் பிறந்தான்.

அம்மாவாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சந்தைக் காட்சிக் கூட்டத்தில் கூடையோடு நின்றிருந்தவளை உதவி டைரக்டர் கைகாட்டிக் கூப்பிட்டார். அழகோ திறமையோ காரணமில்லை. காய்ச்சல்காரருக்குத் தைத்த உடுப்பு இவளுக்குப் பொருந்தும் போலிருந்தது, அவ்வளவுதான். மேக்கப் அண்ணன் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டி, கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, "போ தாயி, உன் பிள்ளை காத்துக்கிட்டிருக்கான்" என்று அனுப்பிவைத்தார். பிள்ளை அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் பெயர் சொன்னாலே தியேட்டர் நிறையும் கதாநாயகன். இவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

மற்றவர்கள் வயதான வேடம் என்றால் முதுகை வளைத்துக் குரலை நடுங்கவிடுவார்கள். அவள் அதைச் செய்யவில்லை. பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் உட்கார்ந்து வயதான பெண்களைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்: "வயசானவங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, மனசுக்குள்ள ஒரு தடவை எழுந்து பாத்துக்கறாங்க. அப்புறம்தாங்க உடம்பு எழுந்திருக்குது."

கணவன் அதே ஸ்டூடியோவில் தச்சன். ஒரே வாரத்தில் அரண்மனையும் கட்டுவான், அதைப் பிரித்துச் சிறைச்சாலையும் கட்டுவான். அச்சகத்துக்கு மேலே இரண்டு அறையில் குடித்தனம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே அலமாரியில் தட்டுகள் தாளம் போடும். அந்தத் தாளத்துக்கு நடுவே அவள் நாற்காலியில் உட்கார்ந்தும் எழுந்தும் பழகிக்கொண்டிருப்பாள்.

"இன்னும் நாலு தடவை எழுந்திரு. நாற்காலிக்குக் கால் மாத்துற வேலை எனக்கு வந்துடும்" என்பான் அவன்.

அப்படியே மூன்று வருஷத்தில் ஸ்டூடியோ முழுவதற்கும் அவள் அம்மாவாகிவிட்டாள். காவல்காரர்கூட "வாங்கம்மா" என்றுதான் வாசலைத் திறப்பார். கேமரா ஓடும்போது கதாநாயகனைப் பார்த்து "டேய், சாப்பிட்டியாடா?" என்று உருகுவாள். கட் சொன்ன அடுத்த நொடி, "சார், கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா, விளக்கு மறைக்குது" என்பாள்.

"பெத்த பிள்ளையை சார்னு கூப்பிடற அம்மாவை இங்கதான் பாக்கறேன்" என்று அவர் கேலி செய்வார்.

"சம்பளம் கேமரா ஓடற வரைக்கும்தான் சார்."

இதெல்லாம் நாலு காட்சியில் வந்து அழுதுவிட்டுப் போகிற வேடங்கள். முதல் தடவையாகப் படம் முழுக்க வருகிற வேடம் ஒன்று அவளைத் தேடி வந்தது. கப்பல் வேலைக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் துணி தைத்துப் பிழைத்தபடி தெருவைப் பார்த்துக் காத்திருக்கிறாள். எழுத்துப் போடும்போது அவள் பெயர் தனியாக வரும் என்று டைரக்டரே சொன்னார். படப்பிடிப்பு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அவள் உண்டாகியிருந்தாள்.

அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. நர்ஸ் இந்தத் தடவை முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டார்: "வேலைக்குப் போ, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஓடக் கூடாது, விழக் கூடாது."

வேடத்தை விட்டுவிடு என்றான் கணவன். "படம் இன்னொண்ணு வரும்."

"கூட்டத்துல நிக்க வரும். இது வருமா?" என்றாள். "முக்காவாசிப் படம் தையல் மெஷின் முன்னாடிதாங்க உட்கார்ந்திருக்கேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"கடைசிக் காட்சியில?"

கடைசிக் காட்சியில் தாய் தெரு முழுக்க ஓடிவந்து மகன் காலடியில் விழுகிறாள்.

படக் கம்பெனி மேனேஜருக்கு விஷயம் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள். முந்தைய படத்தில் பல் வீங்கிய நடிகையைத் தூக்கிவிட்டு, எடுத்ததையெல்லாம் திரும்ப எடுத்த மனிதர் அவர். அதனால் விஷயம் மூன்று பேரோடு நின்றது. கணவன் தையல் மேஜைக்கு முன்புறம் ஒரு அகலப் பலகை அடித்தான். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு, "மெஷின் ஆடுது சார்" என்றான். உடுப்புப் பார்க்கும் அக்கா, குளிர்காலக் கதை என்று தானே முடிவுசெய்து ஒரு தடித்த சால்வை கொண்டுவந்தாள். மேக்கப் அண்ணன் பாடுதான் பெரும்பாடு. கதையில் தாய் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிறாள். நிஜத்தில் கன்னம் வாரத்துக்கு வாரம் பூரித்தது.

"உன் கன்னத்துக்கு அடிச்ச கறுப்புல ஒரு வீட்டுச் சுவரையே அடிச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கன்னங்களைக் குழியாக்குவார்.

"பட்டினி கிடக்கிற அம்மா கொஞ்சம் பூசினாப்புல தெரியறாளே?" என்று மேனேஜர் ஒருநாள் கண்ணைச் சுருக்கினார்.

"அழுது அழுது வீங்கியிருக்கு சார்" என்றார் அண்ணன், அவள் கன்னத்திலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே.

ஆறாம் மாதத்தில் கடைசிக் காட்சி வந்தது. கணவன் கட்டிய தெரு அது. வாசல்கள், படிகள், முனையில் ஒரு விளக்குக் கம்பம். தெரு நீளத்துக்கு ட்ராலி தண்டவாளம் போட்டிருந்தார்கள். டைரக்டர் கையை வீசி வீசி விளக்கினார்: மகன் முனையில் தெரிகிறான், அம்மா துணியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், கேமரா கூடவே ஓடுகிறது.

மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"இவ ஓட மாட்டா சார்."

சுத்தியல் சத்தம்கூட நின்றது. கணவன் ஒரு போலிக் கதவுக்குப் பின்னால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓட மாட்டாளா, ஓட முடியாதா?" என்றார் மேனேஜர்.

அவள் அவரைப் பார்க்காமல் டைரக்டரைப் பார்த்துப் பேசினாள். "இத்தனை வருஷமா தெருமுனையில வர்ற ஒவ்வொரு ஆளையும் அவன்னு நினைச்சு எழுந்து, ஏமாந்து உட்கார்ந்தவ சார் இவ. இன்னொரு தடவை ஏமாற அவளுக்குத் தெம்பு இல்ல. காலடிச் சத்தம் கேக்கும். நிமிர மாட்டா. கையில இருக்கற தையலை முடிப்பா. அவன்தான் வரணும்."

"அப்ப தண்டவாளம்?" என்றார் மேனேஜர்.

விளக்குக் கம்பத்தில் சாய்ந்திருந்த கதாநாயகன் சிகரெட்டை அணைத்தார். "அம்மா உட்காரட்டும். நான் ஓடறேன். தண்டவாளத்துக்கு யார் ஓடினா என்ன?"

டைரக்டர் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு கேமராவைத் திருப்பச் சொன்னார்.

அந்தக் காட்சியில் அவள் செய்தது மிகக் கொஞ்சம். காலடிச் சத்தம் நெருங்கும்போது மிதித்துக்கொண்டிருந்த கால் நிற்கிறது. இரு கைகளும் மேஜை விளிம்பை அழுத்துகின்றன, தோள் ஒரு விரற்கடை உயர்கிறது. மனசுக்குள் எழுந்து பார்த்துவிட்டாள் என்று தெரிகிறது. தோள் தாழ்கிறது. மறுபடி மிதிக்கிறாள், தையலை முடிக்கிறாள், நூலைப் பல்லால் கடிக்கிறாள். அப்புறம்தான் நிமிர்கிறாள். எதிரே நின்ற கதாநாயகன் வசனம் மறந்துபோய், மேஜைமேல் தலையை வைத்துவிட்டார். அவர் தலையை அவள் தடவிக்கொண்டேயிருக்க, டைரக்டர் கட் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

தலையைத் தூக்கியபோது அவருக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. ஒரு நொடி பார்த்தார். "சால்வை சரியுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேனேஜர் வரும் வழியை மறைத்தபடி நின்றுகொண்டார்.

"தேங்க்ஸ் சார்" என்றாள் அவள், முந்தானையைப் போலச் சால்வையை இழுத்துவிட்டு.

வீட்டுக்கு நடக்கும்போது கணவன் கேட்டான்: "அந்தக் காரணத்தை எப்ப யோசிச்சு வெச்ச?"

"யோசிக்கவே இல்லைங்க. வாயைத் திறந்தப்புறம்தான் வந்துச்சு. சொல்லி முடிச்சதும், அட, உண்மைதானேன்னு எனக்கே தோணிடுச்சு."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் நடித்தாள். ஓடச் சொன்ன படங்களில் ஓடினாள், விழச் சொன்னால் விழுந்தாள். ஆனால் இளம் டைரக்டர்கள் தேடி வந்து பேசியதெல்லாம் அந்த உட்கார்ந்த காட்சியைப் பற்றித்தான். அவள் ஒளிக்காமல் சொல்வாள்: "வயிறு தெரியக் கூடாதுன்னு உட்கார்ந்தேன் தம்பி." அவர்கள் சிரித்துக்கொண்டு, எவ்வளவு தன்னடக்கம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போவார்கள்.

அந்தப் படம் வந்த மாதமே குழந்தையும் பிறந்தது. கதாநாயகன் ஒரு மத்தியானம் அச்சகத்து மாடிப்படி ஏறி வந்தார். கீழே இயந்திரங்கள் நின்றன. வேலையாட்கள் மை படிந்த கையோடு படியடியில் கூடிவிட்டார்கள். உள்ளே கட்டிலில் பவுடர் இல்லாத கறுப்புத் தலையோடு படுத்திருந்தவளை அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கட்டிலை எட்டிப் பார்த்து, முழங்காலில் கைவைத்துக் குனிந்தார்.

"ஏம்மா, எனக்குத் தம்பியா, தங்கச்சியா?"

கேமரா இல்லை, விளக்கு இல்லை. கணவன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிடா" என்றாள் அவள். "கையைக் கழுவிட்டு வந்து தூக்கு."