அய்யனார் வயலில் நான் வைத்த தீ

1. போன்

போன் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்காக டிபன் பாக்ஸைத் திறந்திருந்தோம். எங்கள் லீடிங் ஃபயர்மேன் சேகர் எடுத்தார். எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல், தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"வயல்ல அறுத்த நெல்லுத் தாள் எரியுதுங்க. காத்து திரும்பிடுச்சு. எங்க தெருவப் பாத்து வருது, சீக்கிரம் வாங்க."

டிபன் பாக்ஸை மூடக்கூட இல்லை. வண்டி கிளம்பிவிட்டது.

நான் பத்தாவது வரை படித்தவன். ஃபயர்மேனாகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றேன்; இது நடந்தபோதும் நிலைய அலுவலர்தான். காடு எரிந்து பார்த்ததில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் காடு ஏது? ஆனால் பங்குனியில் அறுவடை முடிந்த வயல்வெளியைக் காட்டைவிடச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மெஷின் அறுத்த வயலில் முழங்கால் உயரத்துக்குத் தாள் காய்ந்து நிற்கும். மேட்டூர் அணையை மூடிவிட்டிருப்பார்கள், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. தீ பிடித்தால் தடுக்க ஒன்றும் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அந்த ஒரு மதியத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காலை ரோல் கால் முடிந்து, பம்ப்பை ஓட்டிப் பார்த்து, ஹோஸை அடுக்கியதும், வண்டிக்கு முன்னால் ஒரு கட்டி சூடம் ஏற்றி, சுவாமிமலை முருகனை நினைத்துக்கொண்டு நிற்பேன். இந்த வண்டியில் போகிறவர்கள் எல்லோரும் இதே வண்டியில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். சூடப் பொட்டலமும் தீப்பெட்டியும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். எங்கள் டிரைவர் ரகீம் பாய் அதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது.

"ஊரெல்லாம் தீய அணைக்கப் போறோம். நம்ம ஸ்டேஷன்ல தினம் முதல் தீ வைக்கிறது நீங்கதான் சார்."

"அதையும் நானே அணைச்சுடறேன்ல பாய்?"

"அதனாலதான் சார் உங்கள விட்டு வச்சிருக்கோம்."

2. எரிக்கவா கூப்பிட்டோம்?

கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு சிறு கிராமம் அது. ஊரின் கிழக்குக் கடைசியில் ஒரே ஒரு தெரு, பெரும்பாலும் கீற்று வீடுகள். தெருவுக்குக் கிழக்கே அய்யனார் கோயில் வயல், மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் இருக்கும். அதில் நெல் தாளுக்கு நடுவே விதைத்த உளுந்து, நெற்று கருத்துப் பிடுங்கத் தயாராக நின்றது. வயலைத் தாண்டினால் கோரை மண்டிய காய்ந்த வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம்தான் தீ.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், காலையில் காற்றே இல்லை என்று தன் வயல் தாளைக் கொளுத்தியிருக்கிறார். உச்சி சாய்ந்தால் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று ஏறும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். தீக்குச்சியைக் கிழிக்கும்போது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. அந்த மனிதர் கையில் காலி பிளாஸ்டிக் குடத்தோடு, "காலைல இலைகூட அசையலீங்களே, இலைகூட அசையலீங்களே" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி தெருக்கோடியோடு நின்றுவிட்டது. அதற்குமேல் வரப்புதான். போன் செய்த பெண் அங்கேயே காத்திருந்தார். பெயர் தனபாக்கியம். அய்யனார் வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர். கணவர் இல்லை. அறுவடை நேரத்தில் பெய்த தை மழையில் அவருடைய சம்பா பூராவும் சாய்ந்து முளைத்துப் போய்விட்டது. அந்த வருஷத்துக்கு அவருக்கு மிஞ்சியது இந்த உளுந்துதான். தெருவின் முதல் வீடும் அவருடையதே.

நான் வயல்வெளியைப் பார்த்தேன். எங்கள் டேங்க் தண்ணீரை நேராகத் தீயின்மேல் அடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகும். தீ அப்படியே நிற்கும். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. தெருவை ஒட்டி ஓர் ஈரக்கோடு போட்டு, அதற்கு முன்னால் இருக்கும் வயலுக்கு நாங்களே தீ வைப்பது. அது காற்றை எதிர்த்து மெதுவாகக் கிழக்கே போகும். பெரிய தீ வந்து சேரும்போது தின்ன ஒன்றும் இருக்காது. உளுந்து போகும், தெரு நிற்கும்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"எரிச்சுட்டுப் போறதுக்கா சார் உங்களக் கூப்பிட்டோம்?" என்றார். "எரிக்கிறதுக்குத்தான் அந்த ஆளு இருக்காரே, குடத்தோட!"

"அம்மா, வேற வழி இல்லம்மா. வீடா, வயலான்னு..."

"இருங்க. தீக்கு என்ன வேணும்? செடியும் தாளும்தானே? வாய்க்கா பக்கம் இருக்கற கீழ் வரப்ப ஒட்டி ஒரு பட்டை மட்டும் செடியப் பிடுங்கித் தர்றோம். மிச்சத் தாள நீங்க கொளுத்திக்கங்க. முழு வயலும் எதுக்குப் போவணும்?"

"அங்க நின்னு பிடுங்கறதுக்கு நேரம் எங்கம்மா?"

"எங்க தெருவுல பொம்பளைங்க பிடுங்கிப் பாத்திருக்கீங்களா நீங்க?"

பார்த்ததில்லை. ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தெருவே வந்து நின்றது. புடவையை வரிந்து கட்டிய பெண்கள், துண்டைத் தலையில் சுற்றிய ஆண்கள். சேகர் என் காதருகே வந்தார். "சார், கீழ் வரப்பு வரைக்கும் ஹோஸ் எட்டும். எல்லா ஜாயிண்ட்டும் போட்டா எட்டும்."

தீக்கும் தெருவுக்கும் நடுவில் ஜனங்களை இறக்குவது விளையாட்டில்லை. ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் பழி என் தலையில்தான், என் தலையில் மட்டும்தான். தீ வாய்க்காலுக்கு வர இன்னும் இரண்டு பெரிய வயல்கள் இருந்தன. முருகா என்றேன். முடிவு செய்தேன்.

"நான் விசில் அடிச்சா கையில இருக்கற செடியக்கூடப் போட்டுட்டுத் தெருவுக்கு ஓடணும். இன்னும் ஒரு பிடின்னு யாராவது நின்னீங்க, ஹோஸால அடிச்சுத் தள்ளுவேன். சரியா?"

"சரிங்க" என்று கூட்டமாகச் சத்தம் வந்தது. ஆனால் ஒருவரும் வரப்பை விட்டு வயலில் இறங்கவில்லை.

3. குளிச்சாரா?

"என்ன நிக்கிறீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா சொன்னார்: "அய்யனார் வயலுங்க. சனி மூலையில சூடம் காட்டாம மொதச் செடியில கை வைக்க மாட்டோம்."

சனி மூலை என்றால் வடகிழக்கு மூலை. அந்த வயலில் தீக்கு மிகப் பக்கத்து மூலை அதுதான்.

"பூசாரி எங்க?"

"திருப்பனந்தாள்ல கல்யாணத்துக்குப் போயிருக்காரு."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நானே தினமும் காலையில் சூடம் ஏற்றாமல் வண்டியில் கால் வைக்காதவன். அந்த ஜனங்களிடம் எந்த வாயால் கத்துவது? தனபாக்கியம் அதற்குள் பூசாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். போனில் பின்னால் கல்யாண நாயனச் சத்தம்.

"அண்ணே, தீ வருதுண்ணே! உளுந்தப் பிடுங்கணும். சூடம் யார் காட்டறது?"

"யாரு இருக்கா அங்க?"

"ஃபயர் சர்வீஸ் ஆபீசர் சார் இருக்காரு."

"சாமி கும்பிடறவரா?"

"தினம் சூடம் ஏத்தறவருங்க!" என்று ரகீம் பாய் போனுக்குள் கத்தினார். "பொட்டலம் வண்டியிலயே இருக்கு!"

"அப்ப அவரே காட்டட்டும். குளிச்சாரா கேளு."

ஹோஸ் ஜாயிண்ட் ஒன்று பீய்ச்சியடித்து நான் தலையோடு கால் நனைந்து நின்றிருந்தேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தாங்க குளிச்சாரு. யூனிஃபார்மோட."

அந்த நிலையிலும் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு நல்லது. பயந்த கை வேலை செய்யாது.

வரப்பில் ஓடினேன். புகை கண்ணைக் கரித்தது. மூலைக்கல்லுக்கு அருகே காலிலிருந்த கம்பூட்டைக் கழற்றினேன். பாய் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தந்த சூடத்தைக் கல்லின் மேல் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏற்றினேன். அய்யனாருக்கான மந்திரம் எனக்குத் தெரியாது. "இது உன் வயல், அது உன் தெரு. ரெண்டையும் நீ பாத்துக்க, இவங்க கை காலை நான் பாத்துக்கறேன்" என்றேன். கம்பூட்டை மாட்டிக்கொண்டு எழுந்து கையை உயர்த்தினேன்.

தெரு முழுவதும் வயலில் இறங்கியது.

4. பட்டை

அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. கீழ் வரப்பை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இரண்டு கையாலும் செடியைக் கொத்தாகப் பிடித்து வேரோடு இழுத்துப் பின்னால் போட்டார்கள். ஆண்கள் அதை வாரிப் புடவையிலும் தார்ப்பாயிலும் கட்டித் தெருவுக்கு இழுத்தார்கள். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்துக்காரி திட்டினாள்.

"ஏ செல்வி, ஒங்க மாமியாருக்குத் தல வாருற மாதிரி தடவிக்கிட்டு நிக்கிற? இழுடி!"

"எங்க மாமியார் தலையா இருந்தா இந்நேரம் பிடுங்கி முடிச்சிருப்பேன்!"

என் ஆட்களில் ஒருவர் சாமி வயலாயிற்றே என்று கம்பூட்டைக் கழற்றப் போனார். "கழட்டாத, தாள் எரியப்போற எடம். அய்யனார்கிட்ட நான் கேட்டுக்கறேன்" என்றேன். இதையும் புதிய பிள்ளைகள் நினைவில் வையுங்கள். பக்திக்கு நான் கழற்றியது கல்லருகே மட்டும். தீ வேலையில் உடுப்பு உடுப்புதான்.

தெற்கு முனையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, எதிர்ப்புறத்தில் கோரைக்குத் தீ ஏறியது. பட்டாசு மாதிரி வெடித்தது. விசில் அடித்தேன். எல்லோரும் ஓடினார்கள். தனபாக்கியம் மட்டும் கடைசிக் கொத்தைப் பிடித்திருந்தார். "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டு ஓடினார்.

சேகர் ஹோஸ் முனையிலிருக்கும் பிராஞ்சை ஸ்ப்ரேயில் வைத்து, பிடுங்கிய பட்டையின் மேற்கு ஓரமாக நடந்துகொண்டே ஈரக்கோடு போட்டார். நான் ஒரு காய்ந்த தென்னம்பாளையில் மிச்சச் சூடத்தை வைத்து ஏற்றி, ஈரக்கோட்டுக்கு முன்னால் இருந்த தாளில் தொட்டுக்கொண்டே நடந்தேன். தீயை அணைக்கச் சம்பளம் வாங்குகிறவன் கையில் பந்தம். நாங்கள் வைத்த தீ முதலில் சோம்பலாகத்தான் கிளம்பியது. மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து பின்னால் கருப்பாக விட்டுக்கொண்டே போனது.

தெருவிலிருந்து கத்தினார்கள். "தண்ணிய அடிங்க சார்! எதிர்ல வருது பாருங்க, அடிங்க!"

சேகரும் என்னைப் பார்த்தார்.

"வேணாம். மூடி வை" என்றேன். "மிச்சம் கூரைக்கு."

வாய்க்காலைத் தாண்டி வந்த தீ ஆள் உயரம் இருந்தது. முகம் வெந்தது. உடம்பு பின்னால் போகச் சொன்னது. ஈரக்கோட்டின் மேல் நாங்கள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஈரச் சாக்கோடு எங்களை ஒட்டி நின்ற தெரு ஆண்களும் நகரவில்லை. இரண்டு தீயும் கருகிய பட்டையில் முட்டின. ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். தின்னத் தழை தீர்ந்துபோன ஆடு மாதிரி தீ அங்குமிங்கும் தலையைத் திருப்பியது. அப்புறம் படுத்துவிட்டது.

"கூரை! கூரை!" என்று ஒரு குரல். பறந்து போன பொறி தனபாக்கியம் வீட்டுக் கீற்றில் உட்கார்ந்திருந்தது. சேமித்து வைத்திருந்த தண்ணீர் அங்கேதான் போனது. இரண்டு கீற்றுக் கருகியது. அதோடு முடிந்தது. டேங்க் காலியாகி, பம்ப் காற்றை இழுத்து உறுமியது. பாய் அதை நிறுத்தினார்.

வரப்பில் உட்கார்ந்தேன். பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னைக்கும் முதல் தீ நீங்கதான் சார்."

"ஆமா பாய்."

பாய் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தெருவில் உளுந்துச் செடி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தனபாக்கியம் ஒரு நெற்றை உடைத்து உள்ளங்கையில் பருப்பைப் பார்த்தார். "மொத மரக்கால் அய்யனாருக்கு" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வயலில் பட்டை போக மிச்சம் அப்படியே நின்றது.

ரிப்போர்ட்டில் எதிர்த்தீ வைத்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, "ஜனங்கள உள்ள எறக்கினீங்களா?" என்று கேட்டார். "எறக்கினேன் சார். எல்லாரையும் ஏத்தியும் விட்டேன்" என்றேன். ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

5. மறுபடி

அதுவரை ஒரு கிராமத்தில் வண்டி நின்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி "தண்ணி எங்க இருக்கு?" என்பதுதான். அன்று முதல் இரண்டாவது ஒன்றையும் கேட்டேன்: "இங்க இருக்கறவங்களுக்கு என்ன வேலை தெரியும்?" பிடுங்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், கூரை பிரிக்கத் தெரிந்தவர்கள், வரப்பு வெட்டத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வண்டியில் இல்லாத கருவி அது. அவர்களுடைய வழக்கத்தைத் தள்ளிவிட்டால் அந்தக் கருவி கைக்கு வராது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொன்னது இதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பங்குனியில், கிருத்திகைக்குச் சுவாமிமலை போய்விட்டு வரும் வழியில், என் மனைவிக்கு அந்த வயலைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆட்டோவைத் தெருக்கோடியில் நிறுத்தினோம். உளுந்து நன்றாக நின்றது. ஆனால் கீழ் வரப்பை ஒட்டி மட்டும் ஒரு பட்டை, வடக்கிலிருந்து தெற்குவரை, செடியில்லாமல் தாளும் சீவி மொட்டையாகக் கிடந்தது. மூலைக்கல்லில் சூடம் எரிந்த கறை புதிதாக இருந்தது.

தனபாக்கியம் வந்துவிட்டார். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, அந்தப் பக்கம் மட்டும் அதுக்குள்ள பிடுங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வருஷமும் காய் முத்துனதும் மொதல்ல அந்தப் பட்டையத்தான் சார் பிடுங்கறோம். பூசாரி அண்ணனும் அங்கதான் சூடம் காட்டுறாரு. தீ வந்தா வரட்டும், அதுக்குன்னு எடம் விட்டு வச்சிருக்கோம்."