எட்டுச் சால் தண்ணீரும் நாலு கயிற்றுப் பலமும்

பிள்ளைகளே, போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெரிய மனிதர், இரும்பு சுருங்கும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்... வேறென்ன செய்ய?

அவர் குற்றாலம் பிள்ளை. பேட்டைக்கு மேற்கே, என் கத்தரித் தோட்டத்துக்கு அடுத்தது அவருடைய வாழைத் தோட்டம். கிணற்றில் கமலை வைத்து இறைக்கிறார். கமலை தெரியும்தானே? கயிற்றின் ஒரு நுனியில் சால் என்கிற இரும்புப் பாத்திரம். மறு நுனியில் மாடுகள். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மாட்டை ஓட்டுகிறவன் அந்தக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்து தன் கனத்தையும் கொடுப்பான். கயிறு அறுந்தால் அவன் இடுப்பு போச்சு. மாடு பின்னால் சறுக்கினால், அவனும் கிணற்றை நோக்கித்தான்!

பிள்ளையின் கமலையில் அப்படி உட்காருகிறவன் மாடசாமி. மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன்.

பிள்ளைக்கு ஓர் ஆசை. இரண்டு நாள் தண்ணீரை ஒரே நாளில் இறைக்க வேண்டும். அதைத் தாசில்தார் குதிரையை நிறுத்திப் பார்க்க வேண்டும். கொல்லரிடம் போய், அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்காக ஒரு புதுச் சால் செய்து வாங்கிவிட்டார். கயிறும் இரண்டு மடங்கு தடிமன். ஒரு ஜோடி மாட்டுக்குப் பதில் இரண்டு ஜோடி. எல்லாம் இரண்டு! இதில் என்ன தப்பு என்கிறீர்களா?

எட்டுத் தீப்பெட்டிகளை எடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்காக இருக்கிற ஒரு பெரிய பெட்டியாக அடுக்குங்கள். எட்டும் செலவாகிவிடும். இரண்டு இல்லை — எட்டு! நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன எனக்கே இது தெரிகிறது.

கயிற்றின் கணக்கு வேறு; அதற்கு நீளம் கூடவில்லை, அகலமும் உயரமும் மட்டும்தான் இரட்டிப்பு. தடிமன் இரண்டு மடங்கானால், அதற்குள் பழைய கயிறு நாலின் நார் அடங்கும். ஆக, சாலில் ஏறும் தண்ணீரின் கனம் எட்டு. கயிற்றின் பலம் நாலு. மாடோ இரண்டே இரண்டு மடங்கு!

சொன்னேன். பிள்ளைக்கு முன்னால் தீப்பெட்டியை அடுக்கியும் காட்டினேன்.

"தீப்பெட்டிய வச்சு வெளையாடுத வயசா வே உமக்கு?" என்றார்.

சரி, கண்ணாலேயே பார்க்கட்டும். கிணற்று மேட்டில் சால் வந்து கொட்டுகிற தொட்டியின் வாய்க்குக் கீழே புதுச் சாலை வைக்கச் சொன்னேன். மாடசாமி பழைய சாலால் இறைத்து ஊற்றினான். இரண்டு... கால்வாசிதான். நாலு... பாதி. எட்டாவது ஊற்றிய பிறகுதான் விளிம்பு நனைந்தது.

பிள்ளை மீசையைத் தடவினார்.

"பழைய சாலு, வருசக்கணக்கா தண்ணியிலயே கெடந்து சுருங்கிட்டு வே!"

சுருங்கிவிட்டதாம்! இரும்பா அது, ஈர வேட்டியா? எண்ணிக் காட்டிய பிறகும் ஒப்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவரை எந்த வாத்தியார் வந்து திருத்துவார்?

புதுச் சாலைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார்கள். மாடசாமி கயிற்றில் உட்காரவில்லை. பக்கத்தில் நடந்தே ஓட்டினான். நாலு மாடும் கழுத்தை நீட்டி இழுத்தன. சால் தண்ணீரை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவ்வளவுதான்... மாடுகள் பின்னால் சறுக்கத் தொடங்கின — கிணற்றை நோக்கி! ஒரு மாடு முட்டி மடங்கி விழுந்தது. கயிற்றில் ஒரு புரி பட்டென்று தெறித்தது. சால் திரும்பவும் தண்ணீருக்குள் போய், இழுப்புத் தளர்ந்ததால் மாடுகள் பிழைத்தன.

பிள்ளையா ஒப்புக்கொள்வார்?

"ஏலே, நீ கயித்துல உக்காரல... அதாம்லே வரமாட்டேங்கு! ஏறி உக்காந்து அழுத்துலே!"

மாடசாமி விழுந்த மாட்டைத் தூக்கி நிறுத்தி, அதன் முட்டியைத் தடவிக்கொடுத்தான். பிறகு பைய சொன்னான்:

"எசமான், நான் வெறும் எலும்பு. எங் கனத்துல என்ன இருக்கு? என்னய மாதிரி ரெண்டு ஆளு கனம் உங்களுக்கு இருக்குல்லா... நீங்க உக்காருங்க. நான் மாட்டைப் பிடிச்சுக்கிடுதேன்."

பிள்ளை தெறித்த புரியைப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பழைய சாலயே மாட்டுலே..."

நான் ஒரு மணி நேரம் தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத கணக்கு — கயிற்றில் உட்காரப்போகிறவர் தாமே என்றதும், எத்தனை சுருக்காக ஏறிவிட்டது பாருங்கள்!